இலையைத் திருப்பிப் பாருங்கள்

செம்பருத்தித் தொட்டியின் விளிம்பேறி, தண்டு வழியாக நுனி மொட்டுவரை போய்த் திரும்பும் எறும்பு வரிசையைக் கண்டதும் பலர் எறும்புப் பொடியை எடுத்து மண்ணில் தூவுகிறார்கள். எறும்பு செம்பருத்தியைத் தின்பதில்லை. மொட்டுக்கு அடியில் ஏதோ ஒரு பூச்சி உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. சாற்றில் தனக்கு மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பான திரவமாகக் கழிக்கிறது. எறும்பு மாடி ஏறி வருவது அதற்காகத்தான். இனிப்புக்குப் பதிலாக அந்தப் பூச்சியைப் பொறிவண்டிடமிருந்து காப்பாற்றுகிறது. சில சமயம் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த கிளையிலும் விடுகிறது. ஆகவே எறும்பு வரிசையைக் கண்டால், அதன் மறுமுனை எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள். பூச்சியைக் காட்டிக்கொடுக்க அதைவிட நல்ல ஆள் கிடையாது.

தொடக்கக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எந்தக் கரைசல் அடிக்கலாம்?" என்பதைத்தான். இஞ்சி பூண்டு கரைசலா, மோரா, மஞ்சள்தூளா, பேக்கிங் சோடாவா என்று ஒரு பட்டியலே வைத்திருப்பார்கள். எது அடித்தோம் என்பதால் பூச்சி ஜெயிப்பது குறைவு. என்ன பூச்சி என்று பார்க்காமல் அடிப்பதாலும், ஒரு முறை அடித்துவிட்டு விட்டுவிடுவதாலும்தான் ஜெயிக்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க இந்த இரண்டைப் பற்றியதுதான்.

எங்கே பார்ப்பது

வாரத்தில் ஒரு நாள், காலை வெளிச்சத்தில், ஒரு தொட்டிக்கு அரை நிமிடம் போதும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாறு உறிஞ்சும் பூச்சிகளில் பெரும்பாலானவை வெயிலும் மழையும் படாத இடமாகத் தேடி உட்காரும். இலையின் அடிப்பக்க நரம்போரம், இலைக்காம்பு தண்டோடு சேரும் கவட்டை, விரியாத குருத்து, மொட்டின் காம்பு, தண்டு மண்ணைத் தொடும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். மணி பிளான்ட், பீஸ் லில்லி போன்ற அறைச் செடிகளில் கீழ் இலைகளைத் திருப்பினாலே கதை தெரிந்துவிடும்.

கண் சற்று மங்கியவர்கள் கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இலைமேல் விரலை ஓட்டுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால், அந்த இலையில் அல்ல, அதற்கு மேலுள்ள இலையின் அடியில் தேடுங்கள். சர்க்கரை மேலிருந்து சொட்டியிருக்கிறது. அந்தப் பிசுபிசுப்பின்மேல் நாளடைவில் கரிபோல் படிவது கரும்பூசணம். அது நோயில்லை, சர்க்கரையைத் தின்று வளரும் பூஞ்சைதான். ஆனால் இலைக்கு வெளிச்சம் போகாமல் மறைத்துவிடும். பூச்சி ஒழிந்தபின் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். நிறைய இலை இருந்தால், நீர்த்த கஞ்சியைத் தெளித்துக் காயவிடுங்கள். காய்ந்த கஞ்சி செதில் செதிலாக உதிரும்போது கரியையும் சேர்த்துக் கொண்டு போகும். தென்னையில் வெள்ளை ஈயால் கரும்பூசணம் படிந்தபோது மைதாப் பசை தெளிக்கச் சொன்னதும் இதே காரணத்தால்தான்.

இன்னொன்று: எல்லா மஞ்சள் இலைக்கும் பூச்சி காரணமில்லை. அடி இலைகள் மட்டும் ஒவ்வொன்றாகப் பழுத்தால் வயசு. மண் சொதசொதவென்று இருந்து செடியே மஞ்சளானால் வேர். ரோஜா இலையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியது போல் வட்டவட்டமாகக் காணாமல் போயிருந்தால், அது இலைவெட்டித் தேனீயின் வேலை. தன் கூட்டுக்கு மெத்தை போட அந்தத் துண்டை எடுத்துப் போகிறது. ரோஜாவுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, விட்டுவிடுங்கள்.

மாவுப்பூச்சி

தமிழ்நாட்டு மாடிகளிலும் பால்கனிகளிலும் முதல் எதிரி இதுதான். செம்பருத்தி, குரோட்டன்ஸ், கொய்யா, பப்பாளி, அடினியம் என்று எதையும் விடாது. கிளைக் கவட்டையில் யாரோ பஞ்சு அடைத்துவைத்தது போல் தெரியும். அந்த வெள்ளை அதன் உடம்பு இல்லை, மெழுகு. தண்ணீரோ கரைசலோ பட்டால் உருண்டோடிவிடுவது இந்த மெழுகால்தான். பஞ்சுப் பொதிக்குள் முட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை, மருந்துக் கடையில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்து ஒரு பூச்சியின் மேல் வையுங்கள். மெழுகு கரைந்து, வெள்ளைப் போர்வைக்குள் இருந்த மங்கிய இளஞ்சிவப்பு உடம்பு தெரியும். அடுத்த நிமிடம் அது அசையாது. செடி சின்னதாக, பூச்சி பத்திருபதாக இருக்கும்போது இதைவிடச் சுத்தமான வைத்தியம் இல்லை. ஸ்பிரிட்டைச் செடி முழுக்கத் தெளிக்க வேண்டாம், இளந்தளிர் கருகும். தொட்டுத் தொட்டு வைப்பதே போதும்.

பூச்சி கிளை முழுக்க ஏறிவிட்டதா? அந்தக் கிளையை வெட்டுங்கள். செம்பருத்தியை நன்றாகவே கவாத்து செய்யலாம், மறுபடி தளிர்க்கும். வெட்டியதை மாடி மூலையில் போட்டால் குஞ்சுகள் நடந்து திரும்பி வரும். உடனே பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். மிச்சச் செடியைக் குழாயில் நல்ல வேகத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கவட்டைகளைத் தேய்த்துவிட்டு, அதன்பின் கரைசல் அடியுங்கள். இந்த வரிசையை மாற்றினால் கரைசல் மெழுகின்மேல் விழுந்து வழிந்துவிடும். பலர் "வேப்ப எண்ணெய் வேலை செய்யவில்லை" என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எறும்பை நிறுத்தாமல் இந்த வேலையெல்லாம் பார்ப்பது வீண். தொட்டியின் அடியில் மூன்று கற்களை வைத்து, அதைத் தண்ணீர் நிரப்பிய தட்டில் நிறுத்துங்கள். சமையலறை அலமாரிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதே வேலை. செடியின் இலை சுவரையோ கம்பியையோ தொடக்கூடாது, தொட்டால் அதுவே எறும்புக்குப் பாலம். கொசு முட்டையிடாமல் இருக்கத் தட்டுத் தண்ணீரை மூன்று நாளுக்கொருமுறை கொட்டி மாற்றிவிடுங்கள்.

கள்ளிகளையும் சதைப்பற்றுள்ள செடிகளையும் வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காரணமே தெரியாமல் செடி வளராமல் நின்றால், தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வேரிலும் தொட்டியின் உட்சுவரிலும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை இருந்தால், வேர் மாவுப்பூச்சி. பழைய மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, நிழலில் ஓரிரு நாள் காயவைத்து, புது மண்ணில் நடுவதுதான் வழி.

அசுவினி, செதில், வெள்ளை ஈ

அசுவினி குளிர்காலத்துப் பூச்சி. மார்கழி, தையில் அவரைக் கொடியின் நுனியில் கறுப்பாக அப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரோஜாவில் பச்சை, அடினியம் போன்றவற்றில் மஞ்சள். ஆண் துணையில்லாமலே பெண் பூச்சி நேரடியாகக் குட்டி போடும். அந்தக் குட்டியின் வயிற்றில் அடுத்த தலைமுறை அப்போதே உருவாகிக்கொண்டிருக்கும். ஞாயிறு பத்து இருந்தது அடுத்த ஞாயிறு நுனியையே மூடிவிடுவது இதனால்தான். ஆனால் உடம்பு மென்மையானது, மெழுகுக் கவசம் கிடையாது. விரலால் வழித்தாலே நசுங்கும். வேகமான தண்ணீரில் விழுந்தவற்றில் பெரும்பாலானவை திரும்பி ஏறாது. கரைசலே தேவைப்படாமல் தண்ணீரால் மட்டும் ஒழிக்கக்கூடிய பூச்சி ஒன்று உண்டென்றால் அது இதுதான். தழைச்சத்து அதிகம் கொடுத்தால் தளிர் கொழுத்து அசுவினிக்கு விருந்தாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். பூச்சி இருக்கும் மாதத்தில் யூரியா போன்றவற்றை நிறுத்துங்கள்.

செதில் பூச்சியைப் பலர் பூச்சி என்றே நினைப்பதில்லை. தண்டிலும் இலை நரம்பிலும் பழுப்பு மருபோல் ஒட்டியிருக்கும், அசையாது. நகத்தால் கீறினால் பெயர்ந்து வரும். கீறித்தான் எடுக்க வேண்டும், ஓடு இருக்கும்வரை எந்தக் கரைசலும் உள்ளே போகாது.

வெள்ளை ஈ பறக்கும். செடியை அசைத்தால் வெள்ளைத் தூளாக எழும்பி மறுபடி அமரும். இலையடியில் வெள்ளை மெழுகால் சுருள் சுருளாகக் கோலம் போட்டது போல் முட்டையிட்டிருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. அந்த வகைகளில் ஒன்று இந்தியாவில் முதன்முதலாகப் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் 2016இல் கண்டறியப்பட்டது. இப்போது வாழை, கொய்யா, அலங்காரப் பனை, கல்வாழை என்று வீட்டுத் தோட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. தென்னைக்கே இதற்கு ரசாயன மருந்து அடிக்காதீர்கள் என்றுதான் வேளாண் விஞ்ஞானிகள் சொன்னார்கள், ஏனென்றால் அதைக் கட்டுப்படுத்தும் ஒட்டுண்ணிக் குளவியும் மருந்தில் செத்துவிடும். வீட்டில் இலையடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும், மஞ்சள் ஒட்டுப்பொறியும் போதும். பொறியைக் கடையில் வாங்கவும் வேண்டாம். மஞ்சள் அட்டையிலோ, மஞ்சள் பெயின்ட் அடித்த பழைய பிளாஸ்டிக் மூடியிலோ விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள். தூசி படிந்ததும் துடைத்து மறுபடி தடவ வேண்டும்.

எட்டுக்கால் தொல்லை

பங்குனியில் தொடங்கிக் கத்திரி முடியும்வரை ரோஜாவையும் அரிக்கா பாமையும் வாட்டுவது சிலந்திப்பேன். பேரிலேயே இருப்பது போல் இது பூச்சி இனமில்லை, சிலந்தியின் சொந்தம், கால் எட்டு. இந்த வித்தியாசம் புத்தகத்துக்கு மட்டுமானதில்லை. பூச்சிக்கென்று விற்கும் பல மருந்துகள் இதைக் கொல்வதில்லை. இதைத் தின்னும் மற்ற உயிர்களைக் கொன்றுவிடுவதால், மருந்து அடித்த பிறகு அதிகமாவதும் உண்டு.

கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியது என்பதால் அடையாளம் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இலையின் மேற்புறத்தில் ஊசியால் குத்தினாற்போல் வெளிர் புள்ளிகள். சில நாளில் புள்ளிகள் சேர்ந்து இலையே சாம்பல் பூத்தது போல் ஆகும். முற்றிய நிலையில் நுனிகளுக்கிடையே மெல்லிய நூலாம்படை. சந்தேகமிருந்தால் இலைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசியை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். தூசி நடந்தால் சிலந்திப்பேன். அதன்மேல் விரலை இழுத்தால் தாளில் சிவப்புக் கோடு விழும்.

வறண்ட சூட்டில் முட்டையிலிருந்து முதிர்ந்த பேனாக ஒரு வாரம் போதும் அதற்கு. நிறையத் தண்ணீரைத் தாங்காது. ஒன்றுவிட்டு ஒருநாள் இலையடியை நன்றாகக் கழுவிவிட்டு, செடியை நண்பகல் வெயிலும் சுவரின் அனலும் படாத இடத்துக்கு மாற்றுங்கள். ஏசி அறையில் இருக்கும் செடிகளுக்கும் இதே கதி வரும், ஏனென்றால் அங்கும் காற்று வறட்சிதான். கழுவியும் அடங்காவிட்டால் உரக்கடையில் நனையும் கந்தகம் கேட்டு வாங்கி லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். ஆனால் சூடு அதிகமான நாளில் கந்தகம் இலையைக் கருக்கும். வேப்ப எண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் அடிக்கக்கூடாது, இரண்டும் சேர்ந்தாலும் கருகும்.

மாடியில் மிளகாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இலை மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன்; கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி. முன்னதற்கு வேப்ப எண்ணெய், பின்னதற்கு கந்தகம். இலைப்பேன் ரோஜா மொட்டுக்குள்ளும் புகுந்து இதழோரத்தைப் பழுப்பாக்கும். அந்த மொட்டைக் கிள்ளி அப்புறப்படுத்துவதே மேல்.

மண்ணிலிருந்து எழும் கொசு

தண்ணீர் ஊற்றியதும் தொட்டி மண்ணிலிருந்து சின்னக் கறுப்புக் கொசுக்கள் எழும்பி முகத்தில் மோதுகிறதா? கடிக்கிற கொசு இல்லை, பூஞ்சைக் கொசு. அதன் புழுக்கள் மேல்மண்ணின் ஈரத்தில் பூஞ்சையையும் மட்கையும் தின்று வாழும். பெரிய செடிக்குத் தொந்தரவில்லை, நாற்றுக்கும் வேர்விடும் பதியனுக்கும் கெடுதல். தென்னைநார்க் கழிவு அதிகம் சேர்ந்த மண்ணில் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். தொடக்கக்காரர் கை சும்மா இருக்காமல் தினமும் ஊற்றும், கொசுவும் பெருகும். இரண்டு அங்குல ஆழம் விரலைவிட்டுப் பார்த்துக் காய்ந்தபின் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியில் மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைக் குத்திவையுங்கள். மேலே அரை அங்குலம் மணல் பரப்பினால் இன்னும் நல்லது. மூன்று நான்கு வாரத்தில் தானாக அடங்கும். இதற்கு எந்த மருந்தும் வாங்காதீர்கள். தண்ணீர்க் குவளையைக் கொஞ்ச நாள் ஒளித்து வைத்தால் போதும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம்

கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளின்மேல் பழுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் மாதிரி ஒன்று இருக்கும். குச்சியால் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவைக்கொம்பு ஒன்று நீண்டு, புளித்த வாடை வீசும். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு அது. வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும், சின்னச் செடியாக இருந்தால் இரண்டே நாளில் மொட்டையடித்துவிடும். இதற்குக் கரைசல் அடிப்பது எனக்குச் சம்மதமில்லை. நாளை சாம்பாரில் போடும் இலை அது. புழுவைக் கண்ணால் பார்த்து, இலையோடு கிள்ளி எடுக்க ஒரு நிமிடம் ஆகுமா? இளந்தளிரில் தனித்தனியாக ஒட்டியிருக்கும் மஞ்சள் முட்டைகளையும் அப்போதே உருட்டிவிடலாம். செடி ஆளுயரம் இருந்தால் இரண்டு புழுக்களைத் தின்ன விடுங்கள், வீட்டுக்குப் பட்டாம்பூச்சி வரும்.

சோப்பும் வேப்ப எண்ணெயும்

கழுவியும் வெட்டியும் துடைத்தும் மிஞ்சியவற்றுக்குத்தான் கரைசல். இரண்டே இரண்டு போதும்.

சோப்புக் கரைசல் பூச்சியின் மேல் நேரடியாகப் பட்டால்தான் கொல்லும். காய்ந்தபின் அதற்குச் சக்தி கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு காதி சோப்பு போன்ற எண்ணெயில் காய்ச்சிய சோப்பைத் துருவி 5 கிராம். துணி துவைக்கும் தூளும் பாத்திரம் துலக்கும் திரவமும் வேறு சரக்கு, இலையின் மேற்பூச்சை அரித்துவிடும்.

வேப்ப எண்ணெய் வேறு மாதிரி. பட்ட பூச்சியை எண்ணெய்ப் படலம் மூச்சடைக்கச் செய்வது ஒரு பங்கு. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமல், தோலுரித்து வளரவிடாமல் செய்வது மறு பங்கு. ஆகவே மறுநாளே செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாலைந்து நாளில் புதிதாகப் பெருகுவது குறைகிறதா என்று பாருங்கள். நாட்டு மருந்துக் கடையிலோ செக்கிலோ வாங்குங்கள். பூஜைக் கடையில் விளக்கேற்ற விற்பது பெரும்பாலும் கலப்பு எண்ணெய், செடிக்கு ஆகாது. வயல் பயிருக்கு 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி என்று பரிந்துரைப்பார்கள். தொட்டிச் செடிக்கு, அதுவும் பழக்கமில்லாத கைக்கு, 5 மில்லியில் தொடங்குவதே நல்லது.

எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக் குலுக்கினால் மேலே மிதக்கும். அப்படியே அடித்தால் ஒரு இலைக்கு வெறும் தண்ணீரும் அடுத்த இலைக்கு வெறும் எண்ணெயும் போய்ச் சேரும். கால் டம்ளர் வெதுவெதுப்பான நீரில் சோப்பைக் கரைத்து, அதில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்துக் கலக்குங்கள். பால்போல் வெளுத்ததும் மிச்சத் தண்ணீரைச் சேருங்கள். அன்றே தீர்த்துவிடுங்கள், நாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும். வெயில் பட்டாலும் அசாடிராக்டின் சீக்கிரம் சிதையும். அதனால் வெயில் இறங்கியபின் அடிப்பதே முறை. முதல் தடவை ஒரு இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பெரணி வகைகள், மெல்லிய இலைச் செடிகள், இலைமேல் வெண்பூச்சுள்ள சதைப்பற்றுச் செடிகள் இரண்டு கரைசலையும் தாங்காமல் போகலாம்.

மோர், அரப்பு, ஐந்திலைக் கரைசல் எல்லாம் வயலிலும் பெரிய தோட்டத்திலும் பயன்படுபவை. அக்னி அஸ்திரம் என்ற காட்டமான கரைசலை அடுக்குமாடிப் பால்கனியில் அடித்தால் மாவுப்பூச்சிக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் கிளம்பிவிடுவார்.

இனி முக்கியமான கணக்கு. எந்தக் கரைசலும் முட்டையை முழுதாகக் கொல்லாது. நீங்கள் இன்று கொன்றது வளர்ந்த பூச்சியை. முட்டையில் இருப்பவை ஐந்தாறு நாளில் வெளிவரும். அவை வளர்ந்து முட்டையிடுவதற்குள் இரண்டாவது முறை அடிக்க வேண்டும். தப்பியவற்றுக்காக மூன்றாவது முறை. ஆக ஆறேழு நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று முறை. இரண்டாவது வாரம் செடி சுத்தமாகத் தெரியும். அப்போதுதான் எல்லோரும் நிறுத்துகிறார்கள், அதுதான் நிறுத்தக்கூடாத வாரம். நாட்காட்டியில் மூன்று தேதிகளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள்.

அடிக்கக்கூடாத பூச்சிகள்

மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, மற்றவற்றைவிடப் பெரிதாக, வெள்ளை மெழுகு இழைகள் தொங்க, சுறுசுறுப்பாக நடமாடும் ஒன்றைக் கண்டால் கையை வைக்காதீர்கள். மாவுப்பூச்சியைத் தின்று தீர்க்கும் ஒரு பொறிவண்டின் குஞ்சு அது, எதிரியின் வேஷத்தில் இருக்கிறது. மாவுப்பூச்சி சோம்பேறி, இது நடக்கும். பார்த்தவுடன் பிரித்தறிய அது ஒன்றே போதும். அசுவினிகளுக்கிடையே உப்பிப் பழுப்பேறி, முதுகில் வட்ட ஓட்டையோடு இருக்கும் கூடுகள், ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிய அடையாளம். அந்தச் செடிக்குக் கரைசலே அடிக்காமல் ஒரு வாரம் காத்திருங்கள்.

இது வெறும் நம்பிக்கையில்லை. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி என்று மாநிலம் முழுக்கப் பரவியது. மருந்துக்கு அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூரு ஆய்வு நிறுவனம் வழியாக வரவழைத்துப் பெருக்கி விடப்பட்ட அசிரோஃபேகஸ் என்ற மிகச் சிறு குளவிதான் அதை அடக்கியது. மருந்து அடிக்காமல் இருந்த இடங்களில்தான் அந்தக் குளவியால் நிலைக்க முடிந்தது.

கடை மருந்து

உரக்கடையில் "பூச்சிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால் வயலுக்குரிய டப்பா ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதில் ஏக்கர்க் கணக்கில் அளவு போட்டிருக்கும், உங்கள் ஆறு தொட்டிக்கு அதை யார் பிரித்துத் தருவது? டப்பாவின் முக்கோணக் குறியைப் பாருங்கள். சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்று விஷம் குறையும். சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் நுழையவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. துளசி, கறிவேப்பிலை, கற்பூரவல்லி, புதினா ஆகியவற்றுக்கு எந்த நிறமும் வேண்டாம். மிச்சத்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் உயிரைக் குடித்திருக்கிறது, அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

என்ன பூச்சி என்றே பிடிபடவில்லையானால், இலையைக் கிள்ளி மூடிய பையில் போட்டு அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டலாம். விவசாயிகளுக்கான கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

புதுச் செடி

வீட்டுக்குள் பூச்சி வரும் பெரிய வாசல் நர்சரி. நம் ஊர் நர்சரிகளுக்கு வரும் செடிகளில் கணிசமானவை ராஜமுந்திரி அருகிலுள்ள கடியம், பெங்களூரு போன்ற இடங்களிலிருந்து லாரியில் நெருக்கியடித்து வருபவை. ஒரு செடியில் இருந்தது இறங்குவதற்குள் பத்துச் செடிக்குப் போயிருக்கும். நர்சரிக்காரர் "சும்மா தூசி சார்" என்பார். நீங்கள் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார், பழகியவர்தான். வாங்கி வந்ததை மற்ற தொட்டிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே வையுங்கள். நண்பர் வீட்டுப் பதியனுக்கும் இதே விதி.

எல்லாம் செய்தும் மூன்றாவது சுற்றுக்குப் பிறகு பூச்சி அதே அளவில் இருந்தால், அந்தச் செடி நூறு ரூபாய்ச் செடியாக இருந்தால், அப்புறப்படுத்திவிடுங்கள். அதைக் காப்பாற்றுகிறேன் என்று பக்கத்திலிருக்கும் பத்துத் தொட்டியைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமில்லை. பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், அதன் மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள். தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் கவிழ்த்து வைத்தால், அதிலேயே அடுத்த செடியை நடலாம்.